கையெழுத்துக்கு முன் கைவைத்தால்

அலுவலகக் கேள்வி – பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில், “முதலில் செய்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டால் என்ன?” என்ற விடயத்தைத் தொட்டவற்றை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். கணக்காய்வு, ஆளணி, தொழிற்சட்டம், தகவல் தொழினுட்பம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: புதிதாக வந்திருக்கும் எங்கள் முகாமையாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் “அனுமதி கேட்பதைவிட மன்னிப்புக் கேட்பது சுலபம்” என்கிறார். யார் சொன்னது இது? பெரிய கம்பனியில் இது சரிவருமா?
– வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: இதை ஊரறியச் செய்தவர் கணினி அறிஞர் கிரேஸ் ஹொப்பர். அமெரிக்கக் கடற்படையில் றியர் அட்மிரலாக இருந்து 1986இல் ஓய்வு பெற்றவர். அவர் இதைச் சொன்னபோது தோளில் உயரதிகாரியின் பட்டை இருந்தது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அட்மிரல் கேட்கும் மன்னிப்புக்கும், வேலையில் சேர்ந்து ஆறு மாதமான உதவியாளர் கேட்கும் மன்னிப்புக்கும் விலை ஒன்றல்ல.

இன்னொரு கதையும் இதற்கு உதாரணமாக வரும். த்ரீஎம் கம்பனியில் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் ஒட்டுநாடா ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். மேலதிகாரி வில்லியம் மக்நைட் அதை விட்டுவிட்டுப் பழைய வேலையைப் பார்க்கச் சொன்னார். ட்ரூ விடவில்லை. 100 டொலர் வரை கேட்காமல் வாங்கும் அதிகாரம் அவருக்கு இருந்ததாம். 99 டொலர் கொள்வனவுக் கட்டளைகளாக எழுதி எழுதி, அந்த நாடாவுக்குத் தேவையான இயந்திரத்தைச் சேர்த்துவிட்டார் என்பார்கள். 1925இல் மாஸ்கிங் டேப் வந்தது, கம்பனி தலைநிமிர்ந்தது. நல்ல கதைதான். ஆனால் அதே 99 டொலர் துண்டுகளை நம்மூர்க் கணக்காய்வாளர் பார்த்தால் கொள்வனவைப் பிரித்துக் காட்டியதாகவே எழுதுவார். நாடா ஒட்டாமல் போயிருந்தால் ட்ரூவின் கதையும் அங்கே அப்படித்தான் முடிந்திருக்கும். மன்னிப்புக் கிடைக்காதவர்களின் கதையை எந்தக் கம்பனியும் சுவரில் மாட்டி வைப்பதில்லை.

நாங்கள் பார்ப்பது இரண்டைத்தான். செய்ததைத் திருப்ப முடியுமா? பிழைத்துப்போனால் நட்டம் உங்கள் வேலையோடு நிற்குமா, வாடிக்கையாளர், சக ஊழியர், கம்பனியின் பெயர் என்று வெளியே போகுமா? திருப்பலாம், உங்களோடு நிற்கும் என்றால் செய்துவிட்டு அன்றைக்கே சொல்லுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

முகாமையாளர் அடுத்த முறை சொல்லும்போது, “எவ்வளவு ரூபா வரை, எந்தெந்த வேலைக்கு?” என்று மரியாதையாகக் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அவர் பதில் சொன்னால் அது அதிகாரம். மழுப்பினால் அவர் வெறும் வசனம் பேசியிருக்கிறார், அவ்வளவுதான்.

கேள்வி: பேலியகொடைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பொறுப்பாளராக இருக்கிறேன். போயா விடுமுறையோடு வந்த சனிக்கிழமை மாலை உறைகுளிர் அறையின் கம்பிரசர் நின்றுவிட்டது. உள்ளே உறைந்த கோழியும் மீனும். முகாமையாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. என் செலவு வரம்பு 50,000 ரூபா. வழமையாக வரும் திருத்துநரைக் கூப்பிட்டு 185,000 ரூபாவுக்குக் கம்பிரசரை மாற்றினேன். பொருள் தப்பியது. இப்போது நிதிப் பிரிவு, “அனுமதி இல்லை, பணம் இல்லை” என்கிறது. திருத்துநர் தினமும் கோல் எடுக்கிறார். நாலு பில்லாக வாங்கித் தரட்டுமா என்றும் கேட்கிறார்.
– வாசகர், வத்தளை

பதில்: நாலு பில் வேண்டாம். 185,000ஐ நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 46,250, வரம்புக்குள் வந்துவிடும், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தோன்றும். கணக்காய்வாளர் முதலில் தேடுவதே இதைத்தான்: ஒரே வழங்குநர், ஒரே வாரம், வரம்புக்குச் சற்றுக் கீழான தொகைகள். இப்போது நீங்கள் வரம்பு மீறியவர், அதற்குக் காரணம் இருக்கிறது. பில்லைப் பிரித்த அந்த நிமிடம் கணக்கை மறைத்தவராகிவிடுவீர்கள். அதற்குக் காரணம் சொல்ல முடியாது. பின்திகதியிட்ட கடிதமும் அப்படியே. சனிக்கிழமைத் திகதி போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை தட்டச்சானதைக் கணினியே காட்டிக்கொடுக்கும்.

உங்களுக்குத் தேவை அலுவலகங்களில் ‘கவரிங் அப்ரூவல்’ என்று சொல்லும் பிந்திய அனுமதி. அதைக் கேட்கும் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. முதல் வரியிலேயே மீறலை ஒப்புக்கொள்ள வேண்டும். பலர் மூன்று பந்தி காரணம் சொல்லிவிட்டுக் கடைசியில் தொகையை நுழைப்பார்கள். வாசிப்பவருக்குச் சந்தேகம் வருவதே அங்கேதான். இப்படி எழுதலாம்:

“இரண்டாம் உறைகுளிர் அறையின் கம்பிரசரை ரூ. 185,000 செலவில், முன் அனுமதி பெறாமல் மாற்றினேன். எனது வரம்பு ரூ. 50,000. சனி மாலை 6.10க்கு அறை வெப்பநிலை −17 பாகை, இரவு 8.40க்கு −12. இரவு 7.05, 7.20, 7.50 மணிக்கு முகாமையாளருக்கும், 8.00 மணிக்கு நிதி முகாமையாளருக்கும் அழைத்தேன், பதில் கிடைக்கவில்லை. அறையில் இருந்த பொருளின் பெறுமதி இணைப்பு 2இல். முதலாம் அறையில் இடமில்லாததால் பொருளை மாற்ற முடியவில்லை. 8.50க்கு வேலையை ஒப்படைத்தேன். அதிகாலை 3.30க்கு அறை மீண்டும் −18க்கு வந்தது. பிந்திய அனுமதியும் கொடுப்பனவுக்கான ஒப்புதலும் வேண்டுகிறேன்.”

நேரங்களை உங்கள் தொலைபேசிப் பதிவிலிருந்தும் வெப்பநிலைப் பதிவுக் கருவியிலிருந்தும் எடுங்கள், ஞாபகத்தில் எழுதவேண்டாம். உறைந்த உணவு −18இல் இருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த அளவு. ஆகவே அந்த எண் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதுதான் உங்கள் பக்க நியாயம் முழுவதும்.

இணைப்பாக வைக்கவேண்டியவற்றில் பலர் தவறவிடுவது பழைய கம்பிரசர். திருத்துநர் பழைய இரும்புக்கு எடுத்துப் போயிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, சிட்டை கட்டிக் களஞ்சியத்தில் வையுங்கள். “மாற்றியதற்கு என்ன சாட்சி?” என்ற கேள்வி கட்டாயம் வரும். பழையது, புதியது இரண்டின் தொடர் இலக்கங்களையும் படம் எடுங்கள். பில்லில் ‘ரிப்பெயார் – 185,000’ என்று ஒரே வரி இருந்தால் ஏற்காதீர்கள். கம்பிரசர், எத்தனை கிலோ வாயு, வேலைக்கூலி, இரவு வேலைக்கான மேலதிகம் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். இன்னும் இரண்டு இடத்தில் அதே கம்பிரசருக்கு விலை கேட்டு, கேட்ட திகதியோடே இணையுங்கள். பிந்தி எடுத்த விலைதான், அதை மறைக்கவேண்டாம். நீங்கள் கொடுத்தது சந்தை விலை என்று காட்டத்தான் அது.

நிதிப் பிரிவு “பணம் இல்லை” என்று நிற்பது நெடுநாள் ஓடாது. உங்களைப் பொறுப்பாளராக நிறுத்தி, திருத்த வேலைகளை வழமையாக உங்கள் வாயால் கொடுத்துவந்த கம்பனி, வெளியாளிடம் போய் “அவருக்கு அதிகாரம் இல்லை” என்று இலேசில் சொல்ல முடியாது. கம்பனியின் நடத்தையால் வெளித்தோற்றத்தில் உண்டாகும் அதிகாரத்தைச் சட்டம் மதிக்கிறது. அந்தக் கம்பிரசரையே இன்றும் ஓட்டிக்கொண்டு விலையை மறுப்பது அதைவிடக் கடினம். ஆனால் இதை நீங்கள் குறிப்பில் எழுதவேண்டாம். மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் சட்டம் பேசினால் இரண்டும் கெட்டுவிடும். தேவைப்பட்டால் திருத்துநர் பேசட்டும்.

இது முடிந்தபின் ஒரு நிலையான அதிகாரம் கேளுங்கள்: உறைகுளிர் அறை −15க்கு மேல் ஏறி, இரண்டு பேரை அழைத்தும் 30 நிமிடத்தில் பதில் இல்லாவிட்டால், 250,000 ரூபா வரை பொறுப்பாளர் செலவிடலாம், 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்று. எண்கள் உங்கள் இடத்துக்கு ஏற்ப மாறலாம். எண்ணே இல்லாமல் “அவசரம் என்றால் பார்த்துச் செய்யுங்கள்” என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அவசரமா இல்லையா என்று திங்கட்கிழமை தீர்மானிப்பது நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

கேள்வி: அரச திணைக்களம் ஒன்றில் முகாமைத்துவ உத்தியோகத்தர். ஒதுக்கீடு இல்லாத ஒரு செலவுக்கு வவுச்சர் போடும்படி பெரியவர் வாய்மொழியாகச் சொல்கிறார். “கவரிங் அப்ரூவல் எடுக்கலாம்” என்கிறார். போடலாமா?
– பெயர் வேண்டாம், பத்தரமுல்லை

பதில்: வேண்டாம். தனியார் கம்பனியில் முதலாளி தன் பணத்தைப் பற்றி மன்னிக்கலாம். அரச பணத்தை மன்னிக்கும் அதிகாரம் உங்கள் பெரியவருக்கு இல்லை. அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரைப்படி பொது நிதி பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நிதிப் பிரமாணங்கள் ஒரு செலவை அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், அத்தாட்சிப்படுத்தல், கொடுப்பனவு என்று பிரித்து வைத்திருப்பதே, முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள் முடித்துவிடாமல் இருப்பதற்குத்தான். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்தபின், விதியை மீறிச் செய்த கொடுப்பனவால் வந்த நட்டத்தைப் பொறுப்பானவரின் சொந்தப் பணத்திலிருந்து அறவிட வழி இருக்கிறது.

அரசாங்கத்திலும் ‘முதலில் செலவு, பிறகு ஒப்புதல்’ இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 151ஆம் உறுப்புரை எதிர்பாராச் செலவுகளுக்கென ஒரு நிதியத்துக்கு இடம் தருகிறது. அதிலிருந்து நிதி அமைச்சர் சனாதிபதியின் இணக்கத்தோடு முற்பணம் கொடுக்கலாம்; பிறகு இயன்ற விரைவில், கூடுதல் ஒதுக்கீடு கேட்கும் குறைநிரப்பு மதிப்பீட்டைப் பாராளுமன்றத்தில் வைக்கவேண்டும். பிந்திக் கேட்கும் உரிமையையும் அங்கே முந்தியே எழுதி வைத்திருக்கிறார்கள். யார் செய்யலாம், யாருடைய இணக்கத்தோடு, எப்போது கணக்குக் காட்டவேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. உங்கள் பெரியவரிடம் அப்படி ஏதாவது எழுத்தில் இருக்கிறதா?

அலுவலகக் கோவையில் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புங்கள்: “இன்று காலை 10.30க்குத் தாங்கள் வாய்மொழியாகப் பணித்த கொடுப்பனவு தொடர்பில், ஒதுக்கீடு இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மேற்கொண்டு பணிப்புரையை எழுத்தில் தந்துதவவும்.” இதில் எதிர்ப்பு இல்லை, குற்றச்சாட்டு இல்லை. வாய்மொழி உத்தரவு பெரும்பாலும் இந்த இரண்டு வரிக்கே அடங்கிவிடும்.

கேள்வி: மென்பொருள் பொறியாளர். பைதன் மொழியிலேயே “அனுமதியைவிட மன்னிப்பு சுலபம்” என்ற பாணி இருக்கிறது. வாடிக்கையாளர் தரவில் கொஞ்சத்தை வெளியிலுள்ள ஒரு செயற்கை நுண்ணறிவுச் சேவையில் ஏற்றிச் சோதித்துப் பார்த்துவிட்டு, பலன் நன்றாக இருந்தால் மேலே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.
– வாசகர், தெமட்டகொடை

பதில்: பைதனில் அது ஏன் சரி என்று பாருங்கள். கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு திறந்தால், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு செய்நிரல் அதை அழித்துவிடலாம். அதனால் நேரே திறக்க முயன்று, தவறினால் பிடித்துக்கொள்கிறோம். திறக்க முடியாமல் போனால் எதுவும் கெடுவதில்லை. எல்லாம் முன்னிருந்தபடியே இருக்கும். வெளியே போன தரவுக்கு, தவறைப் பிடிக்கும் அந்த ‘எக்செப்ட்’ கட்டளையை எழுத முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை உங்கள் கம்பனியின் தலையில் வைக்கிறது. சக ஊழியரின் கடவுச்சொல்லை இரவல் வாங்கி அந்தத் தரவை எடுக்கும் எண்ணமிருந்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

போலித் தரவு செய்யுங்கள், ஒரு பின்னேர வேலை. ஒன்று மட்டும் கவனம்: அடையாள அட்டை இலக்கத்தை எழுந்தமானமாக உருவாக்கினால் அது உண்மையில் யாரோ ஒருவருடையதாக இருந்துவிடலாம். பழைய இலக்கத்தில் 3 முதல் 5 வரையான இலக்கங்களும், புதிய 12 இலக்க எண்ணில் 5 முதல் 7 வரையானவையும் பிறந்த நாளைக் குறிப்பவை. ஆண்களுக்கு 366 வரை, பெண்களுக்கு 500 கூட்டி 866 வரை. அந்த இடத்தில் 900க்கு மேல் போட்டால் அந்த இலக்கத்தில் ஆள் இருக்கமாட்டார். உங்கள் படிவம் அதை நிராகரித்தால், படிவம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு, சோதனைச் சூழலில் மட்டும் அந்தச் சரிபார்ப்பை நிறுத்துங்கள்.

அணிக்குள் இருக்கும் வேலைகளில் கேட்காமல் செய்யக்கூடியவை நிறையவே இருக்கின்றன. புதிய அம்சத்தை சுவிட்ச் போன்ற ஒரு ஆளிக்குப் பின்னால் வைத்து முதலில் உள்ளூழியர்களுக்கு மட்டும் திறக்கலாம். தரவுத்தள அட்டவணையில் ஒரு நிரலை (கொலம்) சேர்க்கலாம், அது திருப்பக்கூடியது. நிரலை நீக்குவது அப்படியல்ல. திரும்பப் பழைய பதிப்புக்குப் போக எத்தனை நிமிடம் எடுக்கும் என்று ஒருமுறை செய்து அளந்து பார்க்காதவர் “திருப்பிவிடலாம்” என்று சொல்லக்கூடாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குமேல் எதையும் ஏற்றவும் கூடாது.

கேள்வி: இருப்புக் கணக்கெடுப்பை முடிக்க, ஆளணிப் பிரிவைக் கேட்காமல் மூன்று பேரை நாலு மணித்தியாலம் கூடுதலாக வேலை செய்யவைத்தேன். இப்போது மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லையாம்.
– வாசகி, கோட்டை

பதில்: வேலை வாங்கியாயிற்று, கொடுத்தே ஆகவேண்டும். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு ஒன்றரை மடங்கு. அனுமதி எடுக்காதது உங்களுக்கும் கம்பனிக்கும் இடையிலான கணக்கு. அந்த மூவரின் சம்பளத்தில் அதைத் தீர்க்க முடியாது. உங்களை விசாரிக்கட்டும், அவர்களுக்குக் கொடுக்கட்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் பொஸ் விட்டுவிடுகிறார். ஆனால் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் முகம் கொடுப்பதில்லை. ஏன்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: மன்னிப்புப் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான், அதனால். நீங்கள் தாண்டிப் போனது பொஸ்ஸை அல்ல, இடையில் கையெழுத்து வைக்கவேண்டியவரை. கணக்காய்வு வினா வந்தால் பதில் எழுதப்போகிறவர் அவர். முதலில் அவரிடம் நேரில் போங்கள். மெயிலும் வட்ஸ்அப் குழுவும் அதற்குப் பிறகு. “சொரி அண்ணே, அவசரம்” என்று நின்றபடி சொல்லிவிட்டு ஓடவேண்டாம். உட்கார்ந்து, “இதனால் உங்களுக்கு என்னென்ன வேலை கூடியது? அதில் எதை நான் செய்து தரலாம்?” என்று கேளுங்கள். அநேகமாக ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வார். நிரப்பிக் கொடுங்கள்.

மொழியையும் கவனியுங்கள். கொழும்பு அலுவலகங்களில் சிங்களத்தில் பேசி, ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் கவலைப்படுகிறோம். எழுத்து மன்னிப்பை உங்களுக்குச் சரியாக வரும் மொழியில் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் யாரோ தட்டச்சுச் செய்து தந்த ‘சின்ன விளக்கத்தில்’ கையெழுத்து வைக்காதீர்கள். “தவறு நடந்தது” என்பதற்கும் “வேண்டுமென்றே செய்தேன்” என்பதற்கும் உள்ள வித்தியாசம் விசாரணை அன்றைக்குத்தான் தெரியவரும்.

கேள்வி: நான் மறுபக்கத்தில் இருப்பவன். எனக்குக் கீழே 40 பேர். எல்லோரும் செய்துவிட்டு வந்துதான் சொல்கிறார்கள். எப்படி அடக்குவது?
– வாசகர், யூனியன் பிளேஸ்

பதில்: அடக்குமுன் உங்கள் மேசையைப் பாருங்கள். கடைசியாக வந்த 20 விண்ணப்பங்களை எடுத்து, வந்த திகதி, ஒவ்வொரு கையெழுத்தின் திகதி, முடிந்த திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். ஒரு 8,000 ரூபா வேலைக்கு ஐந்து கையெழுத்தும் ஒன்பது நாளும் போகிறதென்றால், கேட்காமல் செய்பவர் உங்கள் முறையைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வைப்பவர் லீவில் போனால் பதிலாள் யார் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். அது இல்லாத அலுவலகங்களே அதிகம்.

திருப்பக்கூடிய சிறு வேலைகளுக்கு, “அறிவித்து இரண்டு வேலை நாளில் மறுப்பு வராவிட்டால் தொடங்கலாம்” என்று விதி வையுங்கள். பணம் வெளியே போவது, ஆள் எடுப்பது, வெளியாருக்கு வாக்குக் கொடுப்பது ஆகியவற்றுக்கு இந்த விதி ஆகாது; அவற்றில் மௌனம் சம்மதமல்ல. கேட்காமல் செய்ததையெல்லாம் பதிய ஒரு கொப்பி வையுங்கள்: என்ன, எவ்வளவு, யாரை அழைக்க முயன்றார், எப்போது அறிவித்தார். ஒரே காரணம் மூன்று பேரிடமிருந்து வந்தால் விதியை மாற்றுங்கள். ஒரே ஆளிடமிருந்து மூன்று காரணம் வந்தால் கதவைச் சாத்திவிட்டு அவரோடு கதையுங்கள்.

கேள்வி: கேட்காமல் செய்ததற்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்திருக்கிறது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்கிறார்கள்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கடிதத்தில் சொன்ன திகதிக்குள் பதில் போகவேண்டும், தேவையானால் கால நீடிப்பை எழுத்தில் கேளுங்கள். குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். செய்ததை ஒப்புக்கொள்ளுங்கள், செய்யாததை அதே பந்தியில் மறுத்துவிடுங்கள். “எல்லாவற்றுக்கும் மன்னிக்கவும்” என்ற ஒரு வரி, செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாக வாசிக்கப்படும். நீங்கள் குறிப்பிடும் மெயில்களின் பிரதிகளை இணையுங்கள். இணைக்கும் ஆவணத்தை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உங்கள் பிரதியில் கையளித்த திகதியோடு கையொப்பம் வாங்குங்கள்.

விடயம் வேலைநீக்கம் வரை போனால், வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் இடங்களில், ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்கும் தொழில்தருநர் அந்தக் காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடியுமுன் எழுத்தில் தரவேண்டும். அந்தக் கடிதத்தைப் பெற்ற உறையோடு பத்திரப்படுத்திக்கொண்டு, தாமதியாமல் ஒரு தொழிற்சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள்.